பால் கூடினால் சினை குறையுமா? ஒரே கேள்விக்கு மட்டத்துக்கு ஒரு பதில்

கறவை மாடு வளர்ப்பவர்களோடு பேசினால் இரண்டு விதமான பேச்சு காதில் விழும். "நிறையக் கறக்கும் மாடு லேசில் சினை பிடிக்காது" என்பது ஒன்று. "நன்றாகக் கறக்கும் பண்ணைகளில் மாடுகள் காலாகாலத்தில் சினையாகிவிடுகின்றன, கறவை குறைந்த பண்ணைகளில்தான் சினை ஊசி போட்டுப் போட்டு ஓய்ந்துபோகிறார்கள்" என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும் இந்த இரண்டு பேச்சும் அனுபவத்திலிருந்து வந்தவைதான், இரண்டும் உண்மையாக இருக்க முடியும். ஒட்டுறவுக் கெழு (இரண்டு பண்புகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதை −1 முதல் +1 வரை சொல்லும் எண்) ஒன்றைக் கணக்கிட்டு "பாலுக்கும் சினைக்கும் உள்ள தொடர்பு இவ்வளவு" என்று அறிக்கையில் எழுதுகிறவர் இந்த இரண்டு பேரில் யாருக்குப் பதில் சொல்கிறார்? கலப்பு மாதிரிகளை, அதாவது பண்ணை, மரபு போன்ற பல மட்டங்களின் வேறுபாட்டை ஒரே கணக்கில் பிரித்து மதிப்பிடும் புள்ளியியல் முறைகளைப் பயன்படுத்தும் ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி விடுபடுவது இந்தக் கேள்வி. அதனால்தான் இந்த ஒரு நிகழ்வை விரிவாக எடுத்துக்கொள்கிறேன்.

நிகழ்வு அமெரிக்காவின் ஹோல்ஸ்டீன் என்ற கறவை இனப் பசுக்களுடையது. 1950-இல் அமெரிக்காவில் ஒரு பசு ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 2,400 கிலோ பால் தந்தது. 2000-இல் அது 8,200 கிலோவைத் தாண்டியது. தீவனமும் பராமரிப்பும் இந்த உயர்வில் ஒரு பங்கு. தேர்ந்தெடுத்த காளைகளின் உறைவிந்து நாடு முழுவதும் போய்ச் சேர்ந்தது மறுபங்கு. அதே காலத்தில் கன்று ஈன்ற பசு மறுபடி சினையாக எடுத்துக்கொள்ளும் நாட்கள் நீண்டுகொண்டே போயின. 2001-இல் மேத்யூ லூசி இதைப் பற்றி எழுதிய ஆய்வுரையின் தலைப்பே "இது எங்கே போய் முடியும்?" என்று கேட்டது. அமெரிக்க வேளாண் துறை 2003-இல்தான் பசுக்களின் சினைத் திறனுக்கு முதன்முதலாக நாடு தழுவிய மரபு மதிப்பீடு வெளியிட்டது. 21 நாட்களுக்கு ஒரு சுற்று என்று வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் சினையாகாமல் இருக்கும் பசுக்களில் நூற்றுக்கு எத்தனை சினையாகின்றன என்பதே அதன் அளவுகோல். இந்த அளவுகோலில் 1 புள்ளி உயர்வு என்பது சினையற்ற நாட்கள் 4 குறைவதற்குச் சமம்.

இத்தனை ஆண்டுகள் யாரும் கவனிக்காமலா இருந்தார்கள்? கவனித்தார்கள். ஆனால் அவர்கள் பார்த்த எண் வேறு மட்டத்து எண்.

ஒரே எண்ணுக்குள் புதைந்தவை

பசு ஒவ்வொன்றுக்கும் பால் அளவையும் சினைத் திறனையும் எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கணக்கிட்டால் கிடைப்பது புறத்தோற்ற ஒட்டுறவு. 1943-இல் ஹேசல் என்ற ஆய்வாளர் தேர்வுக் குறியீடுகளைப் பற்றி (பல பண்புகளை எடைபோட்டு ஒரே மதிப்பெண்ணாக்கிக் கால்நடைகளைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி) எழுதியபோது இதை இரண்டாகப் பிரிக்கும் வழியைக் காட்டினார். மரபு மட்டத்து ஒட்டுறவை இரண்டு பண்புகளின் மரபுப் பங்குகளுடைய வர்க்கமூலங்களால் பெருக்க வேண்டும். சூழல் மட்டத்து ஒட்டுறவைச் சூழல் பங்குகளின் வர்க்கமூலங்களால் பெருக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் கண்ணுக்குத் தெரியும் ஒட்டுறவு வரும். மரபுப் பங்கு என்று நான் சொல்வது, பண்பின் மொத்தப் பரவற்படியில் (மதிப்புகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவில்) மரபு வேறுபாட்டால் வரும் விகிதம்.

இப்போது எண்களைப் போட்டுப் பார்ப்போம். பாலின் மரபுப் பங்கு ஏறத்தாழ 0.30. சினைத் திறனின் மரபுப் பங்கு வெறும் 0.04. இவற்றின் பெருக்கற்பலன் 0.012, அதன் வர்க்கமூலம் 0.11. இரண்டு பண்புகளுக்கும் மரபு ஒட்டுறவு −0.3 என்று வைத்துக்கொள்வோம். ஹோல்ஸ்டீன் இனத்தில் வெளியான மதிப்பீடுகள் பலவும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. அப்படியானால் புறத்தோற்ற ஒட்டுறவுக்கு மரபு தரும் பங்கு −0.033 மட்டுமே. வரைபடத்தில் புள்ளிகளைக் குத்திப் பார்த்தால் யார் கண்ணுக்கும் இது படாது. அதைவிட முக்கியமானது, மரபு ஒட்டுறவு முழுமையாக −1 ஆகவே இருந்தாலும் அதன் பங்கு −0.11-ஐத் தாண்டாது. மரபு மட்டத்தில் இரண்டு பண்புகளும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தாலும் புறத்தோற்றத்தில் அது அசைவாகக்கூடத் தெரியாமல் போகலாம்.

ஆனால் தேர்வு வேலை செய்வது மரபு மட்டத்தில்தான். பாலுக்காக மட்டும் காளைகளைத் தேர்ந்தெடுத்து, பாலின் மரபு மதிப்பை 3 மரபுத் திட்டவிலக்கம் (மரபுப் பரவற்படியின் வர்க்கமூலம்) உயர்த்தினால், சினைத் திறன் 0.9 மரபுத் திட்டவிலக்கம் கீழே போகும் என்று எதிர்பார்க்கலாம். தலைமுறைக்குத் தலைமுறை இது சேர்ந்துகொண்டே போகும். சினைத் திறனின் மரபுப் பங்கு 4 விழுக்காடுதானே, அதில் தேர்வு செய்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டதில் இருந்த பிழை இதுதான். மரபுப் பங்கு சிறிதாக இருப்பதற்கு மரபு வேறுபாடு இல்லை என்று பொருளில்லை. சூழலின் இரைச்சல் அதைவிடப் பலமடங்கு பெரியது என்றுதான் பொருள்.

பண்ணை மட்டம்

இரு பண்புகளையும் ஒன்றாக வைத்து இயக்கும் கலப்பு மாதிரியில் பண்ணை, பசுவின் மரபு, பசுவின் நிலையான சூழல் (ஈற்றுக்கு ஈற்று மாறாமல் பசுவோடு இருப்பது), எச்சம் (மற்றவை விளக்காமல் மீந்தது) என்று நான்கு சமவாய்ப்பு விளைவுகளாவது (தற்செயலாக வேறுபடுவதாகக் கருதும் மூலங்களாவது) இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே இரண்டு பரவற்படிகளும் ஓர் உடன்மாறுபாடும் (இரண்டும் சேர்ந்து மாறும் அளவு) உண்டு. ஆக, ஒரே தரவிலிருந்து நான்கு ஒட்டுறவுகள் கிடைக்கும். அவை ஒரே திசையில் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது.

பண்ணை மட்டத்தில் தொடர்பு நேர்மறையாக வருவதை எளிதாகப் புரிந்துகொள்ளலாம். நல்ல தீவனம், காற்றோட்டமான கொட்டகை, பருவத்தைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கும் ஆள், வேளைக்கு வரும் கால்நடை மருத்துவர், இவையெல்லாம் அமைந்த பண்ணையில் பாலும் கூடும், சினையும் நிற்கும். இவை அமையாத பண்ணையில் இரண்டுமே படுக்கும். 1986-இல் வான் நூர்ட்வைக், டி யோங் இருவரும் இதை வீட்டையும் காரையும் வைத்து விளக்கினார்கள். ஒருவரின் வருமானம் இவ்வளவுதான் என்றால் வீட்டுக்குக் கூடுதலாகச் செலவிடுகிறவருக்குக் காருக்கு மிஞ்சுவது குறைவு. ஆனால் ஊரிலுள்ள எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வீட்டு வாசலில்தான் விலையுயர்ந்த கார் நிற்கிறது. வரவில் உள்ள வேறுபாடு பங்கீட்டில் உள்ள வேறுபாட்டைவிடப் பெரிதாக இருந்தால் தொடர்பு நேர்மறை. பங்கீட்டில் உள்ள வேறுபாடு பெரிதாக இருந்தால் எதிர்மறை. பசு தின்னும் தீவனம் வரவு. அது மடிக்கும் கருப்பைக்கும் எப்படிப் பிரிகிறது என்பது பங்கீடு.

இதே இடறலைச் சமூகவியலில் 1950-லேயே ராபின்சன் எண்களோடு காட்டியிருக்கிறார். 1930-ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவரா என்பதற்கும் எழுத்தறிவின்மைக்கும் தனிமனித மட்டத்தில் ஒட்டுறவு 0.118. நாட்டை 9 பெரும் பிரிவுகளாக வைத்துக் கணக்கிட்டால் அது −0.619. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் குடியேறினார்கள். அவ்வளவுதான் காரணம். இரண்டு எண்ணிலும் பிழையில்லை. பிரிவுகளின் எண்ணைத் தனிமனிதனின் தலையில் ஏற்றினால்தான் பிழை.

கறவைப் பசுக்களிலும் 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, பாலுக்கும் சினைக்கும் உள்ள தொடர்பில் பசுவும் பண்ணையும் வெவ்வேறு மட்டங்கள் என்பதை இருபண்பு மாதிரியைக் கொண்டு நிறுவியது. இதைப் பிரிக்காமல் சினைத் திறனின் மீது பாலின் தாக்கத்தை ஒரே சரிவாக (பால் ஒரு கிலோ கூடினால் சினைத் திறன் எவ்வளவு மாறும் என்ற எண்ணாக) மதிப்பிட்டு, பண்ணையைச் சமவாய்ப்பு விளைவாகச் சேர்த்துவிட்டோம் என்று நிம்மதி அடைகிறவர்கள் உண்டு. அந்தச் சரிவு பண்ணைக்குள் உள்ள தொடர்பும் பண்ணைகளுக்கு இடையிலான தொடர்பும் கலந்த கலவை. பண்ணையின் சராசரிப் பாலைத் தனி மாறியாகவும், அந்தச் சராசரியிலிருந்து பசு விலகும் அளவை இன்னொரு மாறியாகவும் போட்டால்தான் இரண்டும் பிரியும்.

மரபு மட்டம்

மரபு ஒட்டுறவு எதனால் வருகிறது என்று கேட்டால் இரண்டு விடைகள் உண்டு. ஒரே மரபணு இரண்டு பண்புகளையும் தொடலாம். அல்லது இரண்டு தனி மரபணுக்கள் ஒரே குரோமோசோமில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்தோ, ஒரே காளையின் வழியாக வந்தோ சேர்ந்து பயணிக்கலாம்.

இரண்டாவதற்கு ஹோல்ஸ்டீனிலேயே சான்று இருக்கிறது. 1962-இல் பிறந்த பானி ஃபார்ம் அர்லிண்டா சீஃப் என்ற காளைக்கு 16,000 மகள்கள். அதன் மரபு இனம் முழுவதும் பரவியது, பாலுக்காகப் பரப்பப்பட்டது. அந்தக் காளையிடம் ஏபாஃப்-1 என்ற மரபணுவில் ஒரு பழுது இருந்தது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் அந்தப் பழுது வந்து சேர்ந்த கரு பிழைக்காது. பல ஆண்டுகளுக்குப் பிறகு 2011-இல்தான், பிறந்த கன்றுகளில் ஒரு மரபுத் துண்டு இரட்டையாக ஒருபோதும் தென்படவில்லை என்பதைக் கொண்டு இந்தப் பழுதின் இருப்பிடத்தைக் கண்டறிந்தார்கள். பிறக்காத கன்றுகளை எண்ணிக் கண்டுபிடித்த இந்த வேலையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

முதலாவது விடைக்கான சான்று வட ஐரோப்பியச் செந்நிறப் பசுக்களில் கிடைத்தது. 12-ஆம் குரோமோசோமில் 6,60,000 எழுத்துகள் நீளமுள்ள ஒரு துண்டு விடுபட்டுப்போன விலங்குகள் அங்கே ஏராளம். டேனிஷ் செந்நிறத்தில் 13 விழுக்காடு, ஸ்வீடிஷில் 23, பின்னிஷில் 32. இரண்டு பிரதியிலும் அந்தத் துண்டு இல்லாத கரு இறந்துவிடும். ஒரு பிரதியில் மட்டும் இல்லாத பசு கூடுதலாகப் பால் தரும். 2014-இல் வெளியான இந்த ஆய்வைப் படித்த பிறகு மரபு ஒட்டுறவு என்பது எனக்கு வெறும் கெழுவாகத் தோன்றவில்லை. பின்னிஷ் இனத்தில் இணைகள் தற்செயலாக அமைகின்றன என்று வைத்தால், 0.32-ஐ 0.32-ஆல் பெருக்க, நூற்றில் 10 இணைகளில் இருபுறமும் அந்தக் குறை இருக்கும். அந்தக் கருக்களில் நான்கில் ஒன்று இறக்கும். அதாவது மொத்தக் கருக்களில் நூற்றுக்கு இரண்டரை. உழவர் இதைப் பார்ப்பது எப்படி? ஊசி போட்ட பசு மறுபடி பருவத்துக்கு வந்து நிற்கும். "இந்த முறையும் நிற்கவில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த ஊசிக்கு ஆள் அனுப்புவார். பாலுக்காகத் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு முறையும் இந்தக் குறையும் கூடவே தேர்ந்தெடுக்கப்பட்டது.

மரபு ஒட்டுறவை மதிப்பிடுவதில் ஒரு குறுக்குவழி பரவலாகப் புழங்குகிறது. பாலுக்குத் தனி மாதிரி, சினைக்குத் தனி மாதிரி என்று இயக்கி, காளைகளுக்குக் கிடைக்கும் இரண்டு கணிப்பு மதிப்புகளையும் எடுத்து ஒட்டுறவு பார்ப்பது. இது வேண்டாம். கணிப்பு மதிப்புகள் சராசரியை நோக்கிச் சுருங்கியவை. தரவு குறைந்த பண்பில் சுருக்கம் அதிகம். ஒரு காளைக்கு 50 மகள்கள் இருந்தால் பாலில் அதன் கணிப்பு நம்பகம் 0.80, சினைத் திறனில் 0.34. உண்மையான மரபு ஒட்டுறவு −0.3 என்றால் இந்தக் கணிப்புகளுக்கு இடையில் காண்பது ஏறத்தாழ −0.16. பாதி காணாமல் போய்விடுகிறது. இரண்டு பண்புகளும் அதே மகள்களிடமிருந்து வந்தவை என்பதால் சூழல் மட்டத்து உடன்மாறுபாடும் இதற்குள் கசியும். ஒட்டுறவு வேண்டுமென்றால் இருபண்பு மாதிரிக்குள்ளேயே அதை அளபுருவாக (மாதிரியே நேரடியாக மதிப்பிடும் எண்ணாக) மதிப்பிட வேண்டும்.

எச்சம் என்று ஒதுக்க முடியாதது

எச்ச மட்டத்து ஒட்டுறவைப் பலரும் குப்பையாக நினைத்து அட்டவணையிலிருந்தே நீக்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒரே பசு, ஓர் ஈற்றில் தன் வழக்கத்தைவிட அதிகமாகக் கறந்தால் அந்த ஈற்றில் அதன் சினை என்ன ஆகிறது என்ற கேள்விக்கான விடை இந்த மட்டத்தில்தான் இருக்கிறது. உழவர் தன் கண்ணால் பார்ப்பதும் பெரும்பாலும் இதைத்தான்.

கன்று ஈன்ற முதல் வாரங்களில் பசு தின்பதைவிட அதிகமாகப் பாலுக்குச் செலவிடுகிறது. உடம்பில் இருந்த கொழுப்பு கரைகிறது, இடுப்பெலும்பு துருத்துகிறது. தீவனம் கூடக் கூட ஈரலுக்குப் போகும் ரத்தமும் கூடுகிறது. ஈரல் பெண்மை ஹார்மோன்களை விரைவாகக் கழித்துவிடுகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், நாளுக்குச் சுமார் 39.5 கிலோவும் அதற்கு மேலும் கறந்த பசுக்களில் பருவம் சராசரியாக 6.2 மணி நேரம்தான் நீடித்தது. அதைவிடக் குறைவாகக் கறந்தவற்றில் 10.9 மணி நேரம். 6 மணி நேரம் என்பது இரவு 11 மணிக்குத் தொடங்கி விடியற்காலைக் கறவைக்கு ஆள் எழுந்து வருவதற்குள் முடிந்துவிடக்கூடிய நேரம். காலையில் பசு அமைதியாக அசைபோட்டுக்கொண்டு நிற்கும். பதிவேட்டில் அந்தச் சுற்று வெறும் சுற்றாகப் போய்விடும்.

இதோடு முடியவில்லை. தொடர்பு எதிர்த் திசையிலும் ஓடுகிறது. சினையான பசுவின் பால், சினை வளர வளரக் குறையும். சீக்கிரம் சினையான பசுவின் 305 நாள் கறவைக் கணக்கு அதனாலேயே கொஞ்சம் தாழ்ந்திருக்கும். ஆக, பால் சினையைத் தடுத்தது போலத் தெரிவதில் ஒரு பகுதி, சினை பாலைக் குறைத்ததுதான். இதற்கு மேல் மனிதரின் முடிவும் குறுக்கே வருகிறது. நன்றாகக் கறக்கும் பசுவுக்கு உரிமையாளர் வேண்டுமென்றே ஊசியைத் தள்ளிப்போடுகிறார். நான்கு முறை நிற்காவிட்டாலும் ஐந்தாவது முறை முயல்கிறார். கறவை குறைந்த பசு இரண்டு முறை நிற்காவிட்டால் விற்றுவிடுகிறார். அந்தப் பசுவின் நீண்ட சினையற்ற நாட்கள் தரவில் ஏறுவதே இல்லை. மீந்து நிற்கும் பதிவேட்டில் அதிகம் கறக்கும் பசுக்கள்தான் தாமதமாகச் சினையாகின்றன என்று தெரியும். இந்த மூன்றையும் எந்த மென்பொருளும் தானாகப் பிரித்துத் தராது. எச்ச மட்டத்தில் −0.1 போன்ற ஓர் எண்ணைப் பார்த்து உடலியங்கியல் பேசுவதற்கு முன், அந்தப் பண்ணைகளில் யார் எந்தப் பசுவை எப்போது விற்றார்கள் என்று கேட்க வேண்டும்.

சில தரவுகளில் எச்ச ஒட்டுறவு என்ற ஒன்றே கிடையாது. காளைக்கன்றின் விதைப்பைச் சுற்றளவுக்கும் கிடாரி முதல் பருவத்துக்கு வரும் வயதுக்கும் மரபுத் தொடர்பு உண்டு. மாட்டிறைச்சி இனங்களில் இதைப் பல காலமாகப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இரண்டும் ஒரே விலங்கில் அளக்கக்கூடியவை அல்ல. அங்கே எச்ச உடன்மாறுபாட்டைச் சுழியம் என்று கட்டிவிட வேண்டும். அதேபோல் ஒவ்வொரு பசுவுக்கும் ஒரே ஓர் ஈற்றின் பதிவுதான் இருந்தால் நிலையான சூழலையும் எச்சத்தையும் பிரிக்க வழியில்லை. மென்பொருள் ஏதோ ஓர் எண்ணைக் கொடுத்தாலும் அதற்குப் பொருள் கிடையாது.

+1-இல் போய் ஒட்டிக்கொள்ளும் எண்கள்

அட்டவணையில் பண்ணை மட்டத்து ஒட்டுறவு 0.98 என்று வந்தால் மகிழ்ச்சி அடைவதற்கு முன் பரவற்படிகளைப் பார்க்க வேண்டும். ஒட்டுறவு என்பது உடன்மாறுபாட்டை இரண்டு திட்டவிலக்கங்களின் பெருக்கற்பலனால் வகுப்பது. பத்துப் பன்னிரண்டு பண்ணைகளே இருந்து, சினைத் திறனின் பண்ணைப் பரவற்படி சுழியத்தை ஒட்டியிருந்தால், வகுக்கும் எண் நொறுங்குகிறது. விடை +1-க்கோ −1-க்கோ ஓடிப்போய் ஒட்டிக்கொள்கிறது. உடன்மாறுபாட்டையும் பரவற்படிகளையும் அவற்றின் நம்பிக்கை இடைவெளிகளோடு (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லைகளோடு) சேர்த்தே அச்சிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். −0.3 என்ற மரபு ஒட்டுறவின் இடைவெளி −0.7 முதல் +0.2 வரை விரிந்திருந்தால், அந்த ஆய்வு இன்னும் எதையும் சொல்லவில்லை.

சினையாயிற்று, ஆகவில்லை என்று 0-1 ஆகப் பதிவாகும் தரவில் இன்னொரு சங்கடமும் உண்டு. எந்த அளவுகோலில் ஒட்டுறவைச் சொல்கிறோம், 0-1-க்குப் பின்னால் மறைந்திருப்பதாகக் கருதும் தொடர் அளவுகோலிலா, கண்ட 0-1 அளவுகோலிலா என்பதைப் பொறுத்து எண் மாறும். இரண்டு கட்டுரைகளின் எண்களை ஒப்பிடும்போது முதலில் இதைச் சரிபார்த்துவிடுவது நல்லது.

பிறகு என்ன நடந்தது

−0.3 என்பது −1 அல்ல. பாலும் சினையும் முழுக்கக் கட்டப்பட்டவை அல்ல. இரண்டிலும் சிறந்த காளைகள் இருக்கின்றன, தேடினால் கிடைக்கும். நார்வே 1972-லேயே தன் செந்நிறப் பசுக்களின் தேர்வு இலக்கில் சினைத் திறனைச் சேர்த்துவிட்டது. பெரிய எண்ணிக்கையில் மகள்களைப் பதிவு செய்தால் 4 விழுக்காட்டு மரபுப் பங்கிலும் காளைகளைப் பிரித்தறிய முடியும் என்ற கணக்கை அவர்கள் நம்பினார்கள். அமெரிக்காவில் 2003-இல் சினைத் திறன் தேசியத் தேர்வுக் குறியீட்டுக்குள் வந்தது. அதன் பின் ஹோல்ஸ்டீனில் சினைத் திறனின் சரிவு நின்று, மெல்ல மேலே திரும்பியது. பால் நின்றுவிடவில்லை. 2020-இல் பசுவுக்கு ஆண்டுச் சராசரி 10,700 கிலோவைத் தாண்டியது.

இந்தத் திருப்பத்தை முழுவதும் மரபின் கணக்கில் எழுதவும் கூடாது. 1995-இல் விஸ்கான்சினில் உருவான முறை ஒன்று, ஹார்மோன் ஊசிகளை நாள் குறித்துப் போட்டு, பருவத்தைக் கண்ணால் பார்க்காமலேயே கருவூட்டல் செய்ய வழிசெய்தது. இரவில் வந்து விடியலுக்குள் மறையும் அந்த 6 மணி நேரத்தை இனி யாரும் காத்துக் கிடந்து பிடிக்க வேண்டியதில்லை. அந்த முறைக்குச் செலவு செய்யக்கூடிய பண்ணைகள் பெரும்பாலும் நன்றாகக் கறக்கும் பண்ணைகளாகவும் இருந்ததால், பண்ணை மட்டத்து நேர்மறைத் தொடர்பு அவற்றில் இன்னும் கெட்டிப்பட்டிருக்கும். அதே பண்ணைகளுக்குள், பசுக்களின் மரபு மட்டத்தில், எதிர்மறைத் தொடர்பு அப்படியே இருந்துகொண்டிருக்கலாம்.